அண்ணனின் மறதி, தங்கையின் பயம்

நேயர்களுக்கு வணக்கம். ஸ்கிசோஃப்ரீனியா என்னும் மனச்சிதைவு நோய் உள்ளவர்களின் நினைவாற்றலைச் சோதித்துப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. அண்ணனை அழைத்து வரும் தங்கை, மகனை அழைத்து வரும் தந்தை என்று கூட ஒருவர் இருப்பார். நோயாளி அறையை விட்டு வெளியேறியதும் அவர் மட்டும் கதவருகில் தயங்கி நிற்பார். "எனக்கும் இப்போதெல்லாம் அடிக்கடி மறந்துபோகிறது. எனக்கும் இது வந்துவிடுமா?" குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்பார்கள்.

அந்தக் கேள்வியைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். முதலில் ஒரு சிறு சோதனை. நான்கு எண்களைச் சொல்கிறேன்: 7, 2, 9, 4. இவற்றைப் பின்னாலிருந்து முன்னாகச் சொல்லுங்கள்.

4, 9, 2, 7. அந்தச் சில நொடிகளில் எண்களை மனத்தில் பிடித்துவைத்துக்கொண்டே புரட்டியும் போட்டீர்கள். இதைச் செயல்படு நினைவு என்கிறோம். சமைத்துக்கொண்டே தொலைபேசியில் பேசுவதற்கும், ஒருவர் சொன்ன நீண்ட வாக்கியத்தின் தொடக்கத்தை அதன் முடிவுவரை தக்கவைப்பதற்கும் இதுதான் வேண்டும். மனச்சிதைவு நோயில் பெரிதும் அடிபடுவது இதுவும், புதிய சொற்களைக் கேட்டு நினைவில் நிறுத்தும் திறனும். இந்நோயின் அறிகுறியாக, யாரும் பேசாமலே காதில் குரல்கள் கேட்பது நின்ற பிறகும் இந்தக் குறை பெரும்பாலும் தங்கிவிடுகிறது.

இனி உறவினர்களுக்கு வருவோம். 1995இல் சோஹி பார்க், பிலிப் ஹோல்ஸ்மன், பட்ரீசியா கோல்ட்மன்-ரகிச் ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். திரையில் ஒரு புள்ளி தோன்றி மறையும். இடையில் வேறொரு வேலையைக் கொடுத்துக் கவனத்தைத் திருப்புவார்கள். பிறகு புள்ளி இருந்த இடத்தைக் காட்ட வேண்டும். நோயாளிகள் தடுமாறினார்கள். நோயே இல்லாத அவர்களுடைய நெருங்கிய உறவினர்களும், மற்றவர்களைவிடக் கொஞ்சம் தடுமாறினார்கள். அதன்பின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளிலும் இதே போக்குத்தான் தெரிந்தது.

இந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லைத் தயவுசெய்து அழுத்திக் கேளுங்கள். நூறு உறவினர்களையும் நூறு மற்றவர்களையும் எடுத்துக்கொண்டால் சராசரியில்தான் வித்தியாசம் தெரியும். மதிப்பெண்ணை மட்டும் வைத்து இவர் அந்தக் குடும்பத்தவர் என்று யாராலும் சொல்ல முடியாது. மற்றவர்களின் சராசரியைத் தாண்டும் உறவினர்கள் ஏராளம். 2003இல் வெளியான ஒரு மூளைப்படிம ஆய்வில், நோயாளிகளின் உடன்பிறந்தவர்கள் நினைவுச் சோதனையை மற்றவர்களைப் போலவே நன்றாகச் செய்தார்கள். ஆனால் அதே வேலைக்கு அவர்களுடைய நெற்றிப்பகுதி மூளை கூடுதலாக உழைத்திருந்தது. உழைத்து ஈடுகட்டிவிட்டது என்றே நான் அதைப் படிக்கிறேன்.

நோயும் இப்படித்தான். பொதுவாக நூறில் ஏறத்தாழ ஒருவருக்கு வாழ்நாளில் இது வருகிறது. உடன்பிறந்தவருக்கு இருந்தால், நூறில் சுமார் பத்துப் பேருக்கு வரலாம். அதாவது தொண்ணூறு பேருக்கு வருவதில்லை. மரபணு முழுவதும் ஒன்றாக இருக்கும் இரட்டையரில்கூட, ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வந்தே தீரும் என்பதில்லை.

கதவருகில் நின்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: "நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?" பதில் பெரும்பாலும் மூன்று, நான்கு என்றுதான் வரும். இரவெல்லாம் விழித்துக் காவல் இருப்பவருக்கு, கவலையைத் தனியாகச் சுமப்பவருக்கு மறதி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். தூக்கமின்மையும் மனச்சோர்வும் கவனத்தைக் குலைக்கும். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.

இந்த ஆய்வுகளில் என் மனத்தை மிகவும் தொட்டது இன்னொன்று. "மாத்திரையால்தான் இப்படி ஆகிவிட்டான்", "சோம்பேறி, சொன்னது எதையும் காதில் வாங்குவதில்லை" என்று வீடுகளில் பேசிக் கேட்டிருக்கிறேன். நோய்க்கான மருந்தால் வரும் நடுக்கத்தைக் குறைக்கச் சேர்த்துத் தரும் சில மாத்திரைகள் நினைவை மந்தப்படுத்துவது உண்மைதான். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் ஒரு மாத்திரைகூட விழுங்காத தங்கையிடமும் அதே குறையின் மெல்லிய சாயல் தெரிகிறது என்றால், அண்ணனின் மறதிக்கு மாத்திரையை மட்டும் எப்படிக் குறை சொல்வது? சோம்பலை எப்படிக் குறை சொல்வது? அது நோயோடு வேர்விட்டது. அவர் பிறந்த வழியிலேயே அதன் ஒரு பங்கு இருக்கிறது.

இதைச் சொன்ன ஒரு நாள், ஒரு தங்கை வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மூன்று வேலைகளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, ஒன்றைத்தான் செய்தாய் என்று அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தேன்" என்றார். இனி ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், ஒரு தாளில் எழுதி அவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள் என்றேன். அடுத்த முறை வந்தபோது அந்தத் தாளை அண்ணனே தன் கையெழுத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

வணக்கம்.