பஞ்சும் கரிசல் மண்ணும் ஒரே புட்டியில்

வணக்கம் மக்களே. என் கையில் இருக்கும் இந்தச் சின்னப் புட்டியைப் பாருங்கள், தலைகீழாகக் கவிழ்க்கிறேன். உள்ளே இருக்கும் ஜெல் இறங்கவில்லை, தெரிகிறதா? இப்போதுதான் 120 டிகிரி அடுப்பிலிருந்து எடுத்தேன். தண்ணீரில் செய்த ஜெல் என்றால் இந்நேரம் காய்ந்து சுருங்கியிருக்கும்.

இதில் இருப்பவை மூன்றே பொருள்கள். முதலாவது அயனித் திரவம். அதுவும் ஓர் உப்புதான். நம் சமையல் உப்பு உருக 801 டிகிரி வேண்டும். இந்த பியூட்டைல் மெதில் இமிடசோலியம் குளோரைடு 70 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். ஆவியாவது கிட்டத்தட்ட இல்லை. அடுத்தது மருந்துக்கடைப் பஞ்சு, அதாவது செல்லுலோஸ். மூன்றாவது மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம், சுத்தப்படுத்திய பொடியாக வாங்கியது. கோடையில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடிப்பதற்கும், மழையில் ஊதுவதற்கும் காரணம் இந்தக் கனிமம்தான். பருத்தி விளைவதும் அதே மண்ணில்தானே! அதை நினைத்தாலே எனக்கு அத்தனை சந்தோஷம்.

பஞ்சு தண்ணீரில் கரையாது. அதன் சங்கிலி போன்ற நீண்ட மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகப் பிடித்திருக்கும். அயனித் திரவத்தில் உள்ள குளோரைடு நடுவே புகுந்து அந்தப் பிடியை விடுவிக்கிறது. இப்படிக் கரைக்கலாம் என்று 2002இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் ராபின் ரோஜர்ஸ் குழு காட்டியது. என் முதல் முயற்சியில் பஞ்சு கட்டி கட்டியாகவே நின்றது. சரியாக உலர்த்தவில்லை. ஈரம் இருந்தால் குளோரைடு தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும், பஞ்சைக் கண்டுகொள்ளாது. மறுநாள் இரவு முழுக்க உலர்த்திவிட்டு, 100 டிகிரியில் கிளறினேன். தேன் போல ஆனது.

அந்தக் கரைசலை அப்படியே வைத்தாலும் நாளாக ஆக ஜெல்லாகும். ஆனால் நல்ல சூட்டில் திரும்ப இளகி ஓடிவிடும். அதனால்தான் களிமண். அதன் ஒவ்வொரு தகடும் சுமார் 1 நானோமீட்டர் தடிமன். தகடுகளுக்கு நடுவே இருக்கும் சோடியத்தை, அயனித் திரவத்தின் இன்னொரு பாதியான இமிடசோலியம் வெளியேற்றிவிட்டு உட்காரும். தகடுகள் விலகிப் பரவும், செல்லுலோஸ் அவற்றில் சிக்கி ஒரு வலையாகும். களிமண் போடாத புட்டியும் இதே அடுப்பில்தான் இருந்தது. இதோ, கவிழ்த்தால் ஒழுகுகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சூடேற ஏற எடை எவ்வளவு குறைகிறது என்று காட்டும் எடையிழப்பு வரைபடத்தில், இந்தத் திரவம் 250 டிகிரி வரை தாங்கும் என்று பார்த்ததும் நம்பிவிடாதீர்கள். நிமிடத்துக்கு 10 டிகிரி ஏற்றி எடுத்த எண் அது. அதைவிடக் குறைந்த சூட்டிலேயே மணிக்கணக்கில் வைத்தால் மெல்லச் சிதையத் தொடங்கும். இன்னும் அதிகம் தாங்கும் அயனித் திரவங்கள் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை பஞ்சைக் கரைக்காது. கரைக்கும் குணமும் சூடு தாங்கும் குணமும் ஒரே திரவத்தில் கிடைப்பது கஷ்டம்.

அதனால் இந்தப் புட்டியை இன்று மாலை 150 டிகிரியில் வைத்து, இரவு முழுக்க விடப்போகிறேன். நிறம் பழுப்பானாலும் சரி, காலையில் அப்படியே காட்டுகிறேன். அப்புறம், இதை வீட்டு அடுப்பில் முயலாதீர்கள். கையுறையும் புகை உறிஞ்சும் பெட்டியும் இல்லாமல் நான் இதைத் தொடுவதே இல்லை.