மன்னிப்பு வேற, தீர்ப்பைத் திரும்பப் பாக்கிறது வேற

எல்லாருக்கும் வணக்கம். முன் வரிசையில இருக்கிற அம்மாமார் சிலர் விடியவே வவுனியாவில பஸ் ஏறி, கொழும்பு மகசின் சிறையில பயங்கரவாதத் தடைச் சட்டத்தில இருக்கிற பிள்ளையைப் பாத்துட்டு நேரா இஞ்ச வெள்ளவத்தைக்கு வந்திருக்கினம், அதால நேரா விஷயத்துக்கு வாறன்.

பேரறிவாளன்ட வழக்கு உங்களுக்குத் தெரியும். 1991 ஜூன்ல பிடிக்கேக்க அவருக்கு 19 வயசு. ராஜீவ் காந்தி கொலைக்கு ரெண்டு 9 வோல்ட் பற்றரி வாங்கிக் குடுத்தவர் எண்டதுதான் பெரிய குற்றச்சாட்டு. வாங்கேக்க அது எதுக்கெண்டு தெரியுமா தெரியாதா, அவற்ற உயிரே இந்தக் கேள்வியிலதான் தொங்கினது. 1998ல தடா எண்ட இந்தியப் பயங்கரவாதச் சட்டத்துக் கோர்ட் 26 பேருக்குத் தூக்கு எண்டது, அடுத்த வருஷம் இந்திய உச்ச நீதிமன்றம் 19 பேரை விட்டுட்டு, இது தடாவுக்குள்ள வாற வழக்கே இல்லையெண்டும் சொல்லிப்போட்டு, ஆனா தடாவில பொலிஸ் எடுத்த வாக்குமூலம் மட்டும் செல்லும் எண்டு இவற்ற தூக்கை உறுதி செய்தது. எத்தினை தரம் வாசிச்சாலும் எனக்கு மனசு ஆறுறேல்ல. 2013ல, அந்த வாக்குமூலத்தை எழுதின அதிகாரியே வெளியில வந்து, பற்றரி எதுக்கெண்டு தெரியாது எண்டு பெடியன் சொன்னதைத் தான் எழுதாம விட்டுட்டன் எண்டு சொன்னவர்.

பிறகு என்ன நடந்தது? கருணை மனு 11 வருஷம் கிடப்பில கிடந்தது எண்டு 2014ல தூக்கு ஆயுளாச்சு. 2018ல தமிழ்நாடு அமைச்சரவை விடச் சொன்னது, ஆளுநர் ரெண்டு வருஷத்துக்கு மேல பைலை வச்சிருந்துட்டு ஜனாதிபதிக்கு அனுப்பினவர், கடைசியா 2022 மே 18 கோர்ட்தான் விட்டது. அவற்ற அம்மா அற்புதம்மாள் 31 வருஷம் அலைஞ்சவ. ஆனா தீர்ப்பையே திரும்பப் பாருங்கோ எண்டு பேரறிவாளன் போட்ட மனுவை 2018லயே தள்ளுபடி செய்துட்டினம். ஆள் வெளியில, பழி அப்பிடியே இருக்கு.

எங்கட இலங்கைப் பக்கம் வாங்கோ. 1979ம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம், 16ம் பிரிவு. சாதாரண வழக்கில பொலிசிட்ட ஒத்துக்கொண்டது கோர்ட்டில எடுபடாது, இதில ஏ.எஸ்.பி., அதாவது உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்தில அல்லது அதுக்கு மேல ஒருத்தர் எடுத்தா எடுபடும், அடிச்சு வாங்கினது எண்டா அதை நிரூபிக்க வேண்டியது அடி வாங்கினவன். இப்பிடி எடுத்த வாக்குமூலத்தில தண்டனை வாங்கின சிங்கராசாட வழக்கில 2004ல ஐ.நா. மனித உரிமைக் குழு இது அநியாயம் எண்டே சொல்லிச்சு, 2006ல எங்கட உயர் நீதிமன்றம் அதை ஏற்கேல்ல.

மிச்சம் இருக்கிறது ஜனாதிபதி மன்னிப்பு, அரசியலமைப்பில 34ம் உறுப்புரை. மரண தண்டனை எண்டா வழக்கு விசாரிச்ச நீதிபதியிட்ட அறிக்கை எடுக்கவேணும், சட்டமா அதிபர், நீதி அமைச்சர் எல்லாரும் கருத்துச் சொல்லவேணும். ஆயுள் கைதிக்கு அந்த ஒழுங்கு கூட எழுதியில்லை. 2022 ஒக்டோபரில தமிழ்க் கைதிகள் 8 பேரை மன்னிப்பில விட்டவை, சந்தோஷம், நானும் அழுதனான். ஆனா மன்னிப்பு எண்டா குற்றம் செய்தவனுக்குக் குடுக்கிறது. செய்யேல்ல எண்டு சொல்லுறவன் எதுக்கு மன்னிப்புக் கேக்கவேணும்? இங்கிலாந்தில பர்மிங்காம் குண்டுவெடிப்பு வழக்கில 6 பேர் செய்யாத குற்றத்துக்கு 16 வருஷம் உள்ள இருந்த பிறகு, 1997ல இருந்து பிழையான தீர்ப்புகளை ஆராய்ஞ்சு திரும்பக் கோர்ட்டுக்கு அனுப்ப அரசாங்கத்துக்குக் கட்டுப்படாத ஒரு ஆணைக்குழு வேலை செய்யுது. எங்களுக்கும் அதுதான் வேணும்.

அம்மாமார், இனிக் கடிதம் எழுதேக்க இரக்கம் காட்டுங்கோ எண்டு மட்டும் எழுதாதேங்கோ. வாக்குமூலத்தை ஆர் எடுத்தது, எந்த மொழியில, மொழிபெயர்ப்பாளர் நிண்டவரா, பிறகு டொக்டரிட்டக் காட்டினவையா, இவ்வளவும் எழுதுங்கோ. கூட்டம் முடிஞ்சாலும் நான் போகமாட்டன், பேப்பரும் பேனையும் இருக்கு, ஒராள் ஒராளா வாங்கோ, இருந்து எழுதுவம்.