எறும்பு ஏறினால்தான் பியோனி பூக்குமா? – நேயர் கேள்விக்குப் பதில்

வணக்கம். இந்தக் கிழமை வந்த கேள்விகளில் ஒன்றை வாசித்துவிட்டு நான் சிரித்த சத்தத்துக்கு, உள்ளே இருந்த என் கணவர் என்னவோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டார். இங்கே கனடாவில், பிரம்டனிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். வாசிக்கிறேன், கேளுங்கள்.

"அக்கா, வீட்டு முன்பக்கம் பியோனிப் பூச்செடி வைத்து நான்கு வருடமாகிறது. இலை நல்ல செழிப்பு, ஆனால் ஒரு மொட்டுக்கூட இல்லை. பக்கத்து வீட்டு அம்மாவின் கன்றில் மொட்டும் நிறைய, எறும்பும் நிறைய. எறும்பு ஏறினால்தான் பியோனி விரியும் என்று அவர் சொல்கிறார். என் கன்றில் எறும்பே இல்லை. அடியில் கொஞ்சம் சீனி தூவி எறும்பை வரவழைக்கட்டுமா?"

சீனியைத் தேத்தண்ணிக்கு வைத்திருங்கள், தங்கச்சி. பக்கத்து வீட்டு அம்மா சொன்னது கனடாவில் பல பேர் நம்புகிற கதைதான், அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நடப்பது என்னவென்றால், பியோனி மொட்டை மூடியிருக்கும் பச்சை இதழ்களின் ஓரத்தில் இனிப்பான நீர் கசியும். அதைக் குடிக்கத்தான் எறும்பு ஏறுகிறது. குடிக்கிற இடத்துக்கு வேறு பூச்சி வந்தால் விரட்டியும் விடும், அதனால் மொட்டுக்குக் கொஞ்சம் காவல். அவ்வளவுதான். பூக்கடையில் பியோனியை மொட்டாகத்தான் விற்கிறார்கள். வாங்கி வந்து சாடியில் வைத்தால் ஓரிரு நாளில் விரிந்துவிடுகிறது. அதை எந்த எறும்பு வந்து திறந்துவிட்டது?

உங்கள் கன்றில் மொட்டு இல்லை, அதனால் எறும்புக்கு அங்கே வேலை இல்லை. நீங்கள் அதைத் தலைகீழாகப் பிடித்துவிட்டீர்கள். இன்னும் சிலர் எறும்பைக் கண்டதும் மருந்து அடிக்கிறார்கள், அதுவும் தேவையில்லை. பூவை வீட்டுக்குள் கொண்டுவரும்போது கவிழ்த்துப் பிடித்து ஒரு உதறு உதறினால் போதும்.

சரி, மொட்டு ஏன் வரவில்லை? பழைய நேயர்கள் இதற்குள் "இரண்டு அங்குலம்" என்று சொல்லியிருப்பீர்கள். ஆம், அதே இரண்டு அங்குலம்தான். டாலியாப் பூவைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் நான் இங்கேதான் வந்து நிற்பேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். என்ன செய்ய, பூக்காத பியோனி என்று வரும் கேள்விகளில் பெரும்பாலும் பதில் அதுவாகத்தான் இருக்கிறது.

உருளைக்கிழங்கில் கண் இருக்கிறதே, அதுபோலப் பியோனிக் கிழங்கின் தலையிலும் சிவப்பாகக் கண்கள் இருக்கும். அடுத்த வருடத்துத் தண்டும் பூவும் அந்தக் கண்ணிலிருந்துதான் வர வேண்டும். அது பனிக்காலத்துக் குளிரை நன்றாக வாங்க வேண்டும். மண்ணின் மேல்மட்டத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குக் கீழே அது போகக்கூடாது. ஒரு அங்குலம் என்றாலும் நல்லது. நான்கு, ஐந்து அங்குலம் கீழே போய்விட்டால் கன்று சாகாது. வருடா வருடம் இலை விட்டு வடிவாக நிற்கும், பூ மட்டும் வராது. செத்துப்போனால் என்ன பிழை என்று தேடியிருப்போம். இது உயிரோடு நின்று எங்களைப் பேய்க்காட்டுகிறது.

"நான் இரண்டு அங்குலத்தில்தானே நட்டேன்" என்பீர்கள். நம்புகிறேன். ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தையும் பார்த்தேன். கன்றின் அடியில் சிவப்புச் சாயம் போட்ட மல்ச், அதாவது மண்ணை மூடப் போடும் மரச்சீவல், மேடாகக் குவிந்து கிடக்கிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் புதுப் பை வாங்கிக் கொட்டியிருப்பீர்கள். பழையது உக்கி மண்ணாகும், அதற்குமேல் புதியது ஏறும். நீங்கள் மேலே நட்ட கண், இடத்தை விட்டு அசையாமலே ஆழத்துக்குப் போய்விட்டது.

இது எங்கள் ஆட்களுக்கே உரிய கைப்பழக்கம் என்று நான் நினைக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு மாமா யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்தவர். இங்கே மார்க்கம் நகரில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்திருந்தபோது, பியோனியின் அடி வெளியே தெரிவதைக் கண்டு அவருக்கு மனம் பொறுக்கவில்லை. "கன்றுக்கு மண் அணைக்காமல் விட்டிருக்கிறான், சோம்பேறி" என்று திட்டிக்கொண்டு, மாட்டெருவும் மண்ணும் கலந்து வட்டமாக அணைத்துவிட்டார். புகையிலைக்கும் மிளகாய்க்கும் வாழைக்கும் அது சரிதான். அடுத்த ஜூனில் இலை மட்டும் முழங்காலுக்கு மேல் வந்தது, பூ இல்லை. மகன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இலையுதிர் காலத்தில் அந்த மண்ணைக் கையாலேயே வழித்து எடுத்தோம். பிறகு பூ வந்தது. மாமா இன்றைக்கும் அது தன்னுடைய எருவால்தான் வந்தது என்கிறார், நான் மறுத்துப் பேசுவதில்லை.

ஆகவே தங்கச்சி, இப்போது மல்ச்சை மட்டும் மெதுவாக விலக்கிவிடுங்கள். கிண்ட வேண்டாம். அப்படியும் கண் ஆழமாக இருந்தால் செப்டம்பர் கடைசியில், அல்லது அக்டோபர் தொடக்கத்தில் கிளப்பி உயர்த்தி நடலாம். அப்போதுதான் புது வேர் ஓடும். கிழங்கு பெரிதென்றால் பிரிக்கலாம், துண்டுக்கு மூன்று முதல் ஐந்து கண் இருக்க வேண்டும். நட்டுத் தண்ணீர் ஊற்றியதும் மண் அமர்ந்து, கிழங்கும் சேர்ந்து இறங்கும். ஊற்றியபிறகு இன்னொரு தடவை அளந்து பாருங்கள். இரண்டு அங்குலம்.

வேறு காரணங்களும் உண்டு, விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். நடும்போது குச்சியாக நின்ற மேப்பிள் மரம் இப்போது நிழல் போடுகிறதா என்று பாருங்கள். புல்லுக்குப் போடும் பசளையில் நைதரசன் அதிகம், அது பக்கத்துப் பாத்திக்கும் போனால் இலைதான் வளரும். மொட்டு பட்டாணி அளவில் வந்து கறுத்துப் போகிறதென்றால் அது வேறு கதை, பெரும்பாலும் பூஞ்சணம். அப்படியானவற்றை வெட்டிக் குப்பையில் போடுங்கள், கொம்போஸ்ட்டில் போடாதீர்கள். குளிர் போதாது என்ற கவலை எங்களுக்கு இல்லை. சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கேட்பவர்களே, மன்னியுங்கள், குளிர் இல்லாமல் பியோனி இல்லை. இந்தியாவில் அது தானாக வளர்வது காஷ்மீர், உத்தராகண்ட் போன்ற இமயமலைப் பக்கத்தில்தான்.

உண்மையைச் சொன்னால், பூக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. மழை பெய்ததும் பூ எல்லாம் மண்ணில் விழுந்து கிடக்கிறதே, விழாத பியோனி எது என்று யாராவது கேட்க மாட்டீர்களா? கேட்டதாக வைத்துக்கொள்கிறேன்.

கடையில் அதிகம் கிடைக்கும் இளஞ்சிவப்பு சாரா பேர்ன்ஹார்ட் 1906-இல் பிரான்சில் வந்த வகை. வாசனைக்கும் வடிவுக்கும் குறை இல்லை, ஆனால் பூவின் பாரத்தைத் தண்டு தாங்காது. மே தொடக்கத்திலேயே கம்பி வளையம் வைக்க வேண்டும். இட்டோ வகைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஜப்பானில் தொயிச்சி இட்டோ என்பவர், மரம்போல நிற்கும் பியோனியையும் எங்கள் வீட்டில் இருக்கும் சாதாரணப் பியோனியையும் கலக்க முயன்றவர். சாதாரணப் பியோனியில் நல்ல மஞ்சள் கிடையாது, மரப் பியோனியில் உண்டு. இரண்டும் சேராது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை மகரந்தம் தடவியபின் 1948-இல் சில விதைகள் கிடைத்தன. அந்தக் கன்றுகள் பூப்பதற்கு முன்பே, 1956-இல், அவர் இறந்துவிட்டார். பூ வந்தது 1960-களில். மஞ்சள் பூ. எனக்கு இதை எத்தனை தடவை சொன்னாலும் மனம் என்னவோ செய்யும். இப்போது கடைகளில் பார்ட்செல்லா என்று விற்பது அந்த வழியில் அமெரிக்காவில் வந்த வகை, பெரிய எலுமிச்சை மஞ்சள் பூ, மழைக்கும் நிமிர்ந்து நிற்கும்.

வாங்குவதற்கு முன் நேரில் பார்க்க விரும்பினால் ஒஷாவா தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். முந்நூறுக்கு மேற்பட்ட பியோனி வகைகள் அங்கே இருக்கின்றன. ஜூனில் போனால் பூத்திருக்கும். பூவைப் படம் எடுத்தபிறகு குனிந்து அடியையும் பாருங்கள், யாராவது மண் அணைத்திருக்கிறார்களா என்று.

வாங்குபவர்களுக்கு ஒன்று. சாதாரணப் பியோனியை உறைபனி விழுந்து இலை வாடியபின் தரையோடு வெட்டலாம், அதற்கு முன் வெட்டாதீர்கள். இட்டோவை நாலைந்து அங்குலம் விட்டு வெட்டுங்கள், அந்தக் கட்டையிலும் கண் இருக்கும். மரப் பியோனியில் கத்தரிக்கோலே வைக்க வேண்டாம், அடுத்த வருடப் பூ அந்தக் கொப்பில்தான் இருக்கிறது.

அடுத்த கேள்வி ஸ்காபரோவிலிருந்து. கறிவேப்பிலை. வேறு என்ன!