கியர் ஷாஃப்ட் சீல் கிடைத்துவிட்டது!

மக்களே, கிடைத்துவிட்டது! இதோ, விரல் நுனியில் இருக்கிறது பாருங்கள். ஃபோகஸ் ஆகட்டும்... ஆங். கியர் ஷாஃப்ட் ஆயில் சீல், அதாவது கியர் போடும் தண்டு என்ஜினைவிட்டு வெளியே வரும் இடத்தில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம். நம் கிழவனை, அதாவது என் பழைய பைக்கைத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். போன வீடியோவில் வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து, எண்ணெய் சொட்டியதைக் காட்டிப் புலம்பினேனே, அந்தச் சொட்டு நின்றுவிட்டது. இது ஸ்பேர், இதன் ஜோடி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. இத்துனூண்டு ரப்பர் வளையத்துக்கு ஒரு வீடியோவா என்பவர்கள் இப்போதே கிளம்பலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். ஆன்லைனில் ஒருவரிடம் ஆர்டர் போட்டிருந்தேன். ‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்று போட்டிருந்தார். எல்லா மாடலுக்கும் பொருந்துகிற ஆயில் சீல் உலகத்திலேயே கிடையாது என்று தெரிந்தும், படத்தில் அளவு சரியாக எழுதியிருந்ததால் வாங்கினேன். தபால் செலவு சீலின் விலையைவிட அதிகம். சரி, போகட்டும். வந்ததை அளந்தால் வெளிவட்டம் 24 மி.மீ. என் வண்டியில் சீல் உட்காரும் குழி 22. கேட்டால், “லேசாகத் தட்டுங்கள், உள்ளே போய்விடும்” என்கிறார். 2 மில்லிமீட்டரை எங்கே தட்டுவது? என்ஜின் கேஸை உடைத்துவிட்டுத் தட்டுவதா? தபால் செலவைத் திருப்பித் தர முடியாதாம். அந்தச் சீல் இதோ இருக்கிறது, சாவிக் கொத்தில் மாட்டிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பழைய வண்டிக்குச் சின்னப் பொருள் தேடும்போது வண்டியின் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள். அளவைச் சொல்லித் தேடுங்கள். நம் வண்டியின் பெயரைச் சொன்னாலே எல்லாரும் ‘அது வருவதில்லை’ என்று கையை விரிக்கிறார்கள். வராதது பெட்டியும் ஸ்டிக்கரும்தான். 12, 22, 5 என்கிற சீல் தண்ணீர்ப் பம்புக்கும் வரும், ஏதோ ஒரு கியர்பாக்ஸுக்கும் வரும். உள்ளே, வெளியே, தடிமன். அவ்வளவுதான்.

பழைய சீலின் முகத்திலேயே இந்த மூன்று எண்களும் அச்சாகியிருக்கும். தெரியவில்லை என்றால் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு சாக்பீஸைத் தேய்த்துப் பாருங்கள், எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். அதுவும் அழிந்திருந்தால் வெர்னியர் அளவுகோலை எடுங்கள். பழைய சீலை அளக்காதீர்கள், அது இறுகிச் சுருங்கியிருக்கும். ஷாஃப்டையும் குழியையும் அளங்கள். முகத்தில் TC போல ஆங்கில எழுத்து இருக்கும், டி-சி என்றால் எண்ணெயைத் தடுக்க ஒரு உதடு, தூசியைத் தடுக்க ஒரு உதடு. உதடு என்பது ஷாஃப்டை உரசுகிற ரப்பர் விளிம்பு. எஸ்-சி என்றால் தூசி உதடு இல்லாதது. கியர் ஷாஃப்ட் சேறு படுகிற இடம், டி-சி கேட்டு வாங்குங்கள்.

பேரிங், சீல் மட்டும் விற்கும் கடையில் மூன்று எண்களைச் சொன்னேன். கவுண்டரில் இருந்த அண்ணன் என்ன வண்டி என்றுகூடக் கேட்கவில்லை. திரும்பினார், டப்பாவைத் திறந்தார், வைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது! உடனே இரண்டு வாங்கினேன்.

மாட்டும்போது ஒன்று. கியர் ஷாஃப்டின் முனையில் பல் பல்லாக இருக்கும் அல்லவா, அதன்மேல் சீலை அப்படியே தள்ளினால் உதடு கிழிந்துவிடும். பற்களின்மேல் செலோ டேப் ஒரு சுற்று சுற்றி, கிரீஸ் தடவித் தள்ளுங்கள். பழைய உதடு ஓடிய இடத்தில் ஷாஃப்டில் நகம் சிக்குகிற மாதிரி ஒரு கோடு விழுந்திருந்தால், புதுசை ஒரு மில்லிமீட்டர் முன்னே நிறுத்துங்கள். உதடு தேயாத இடத்தில் உட்காரும். நான் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறேன்.

அட, பார்ட் நம்பரை மறந்துவிட்டேனே. அளவு எடுக்கும் முன் அதையும் பாருங்கள். யமஹாவில் முதல் மூன்று எழுத்து பெரும்பாலும் அந்தப் பொருள் முதலில் வந்த மாடல், அடுத்த ஐந்து எண் அது என்ன பொருள் என்பது. ஹோண்டாவில் தலைகீழ்: முதல் ஐந்து பொருள், நடு மூன்று மாடல். ஆனால் யமஹாவில் 93102 என்று ஆரம்பித்தால் அது பல மாடல்களுக்கும் பொதுவான ஆயில் சீல், 93306 பேரிங், 93210 ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம். அப்படி ஆரம்பிக்கிற நம்பர் என்றால் வெளியே அளவுக்குக் கிடைக்கும் என்று தைரியமாக இருக்கலாம்.

பேரிங் இன்னும் சுலபம். 6202 என்றால் உள்துளை 15 மி.மீ., 6203 என்றால் 17. 04-லிருந்து கடைசி இரண்டு எண்ணை 5-ஆல் பெருக்குங்கள்: 6204-க்கு 20. பின்னால் சி-3 என்று இருந்தால் சி-3-தான் வாங்க வேண்டும், உள்ளே கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்ட பேரிங் அது. என்ஜினுக்குள் சூடாகி விரிய இடம் வேண்டாமா?

எனக்குப் பிடிக்காத இன்னொன்று, ‘பெட்டி பிரிக்காத பழைய ஒரிஜினல்’ ரப்பர். உலோகம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். ரப்பர் பெட்டிக்குள்ளேயே கிழடாகிவிடும். மடக்கிப் பாருங்கள், மடக்கிய இடத்தில் வெடிப்பு தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். அப்புறம், ஓ-ரிங் எல்லாம் ஒரே கறுப்புதான் என்று நினைக்காதீர்கள். பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் நைட்ரைல் ரப்பர். வழக்கமான பிரேக் திரவத்துக்கு ஈ-பி-டி-எம் என்கிற வேறு ரப்பர். அந்த ஈ-பி-டி-எம் வளையத்தைக் கொண்டுபோய் கார்புரேட்டரில் போட்டால் ஊதிப் பெருத்துவிடும்.

கார்புரேட்டர் கிட் பற்றிப் பேசினால் இரவாகிவிடும். ஒன்று மட்டும்: பெட்ரோலை அளந்து விடுகிற சின்னப் பித்தளைத் துண்டுதான் ஜெட். மிகுனி கம்பெனி ஜெட்டும் கெய்ஹின் கம்பெனி ஜெட்டும் ஒரே எண்ணில் இருந்தாலும் ஒன்றல்ல. கிட்டில் வருகிற கேஸ்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய பித்தளை ஜெட் நன்றாக இருந்தால் கழுவி அதையே போடுங்கள்.

ஸ்க்ரூவும் அப்படித்தான். தலையில் கூட்டல் குறிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் அது ஜப்பான் அளவு, சாதா ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் நழுவித் தலையைத் தின்றுவிடும். 10 மி.மீ. போல்ட் வாங்கும்போது மரைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் 1.25 மி.மீ., கடையில் சாதாரணமாகத் தருவது 1.5. இரண்டு சுற்று போகும், அப்புறம் இறுகும். அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இனி கிழவனுக்குப் பாக்கி சைடு கவர் ரப்பர் புஷ் மட்டும்தான். அளவு சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: தகட்டுத் துளை 16, தகடு தடிமன் 1.5, உள்ளே நுழைகிற ஊசி 8. எந்த வண்டியில் பார்த்தாலும் சரி, சைக்கிளில் பார்த்தாலும் சரி, எனக்குச் சொல்லுங்கள்.