ஒடிந்த போல்டும் ஒரு கட்டி படிகாரமும்

வணக்கம் நேயர்களே. பட்டர்வொர்த்திலிருந்து வந்திருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் இருபத்தாறு வருஷம் கடைசல், மில்லிங், மரை போடுவது என்று வேலை பார்த்தவன். இப்போது வீட்டுக் கொட்டகையில் ஒரு பெஞ்ச், ஒரு வைஸ், ஒரு சின்னக் கடைசல் மெஷின் வைத்திருக்கிறேன், அக்கம்பக்கத்தில் யாருக்காவது ஏதாவது ஒடிந்தால் கொண்டு வருவார்கள்.

தீபாவளி கழிந்த வாரம் நிபோங் திபாலிலிருந்து ஒரு பையன் வந்தான். கையில் அரிசிப் பை, பைக்குள் இஞ்சின். சைக்கிளில் மாட்டி ஓட்டுகிறார்களே, அந்தச் சின்ன டூ ஸ்ட்ரோக் இஞ்சின். பெட்டியில் 80 சிசி என்று போட்டிருக்கும், ஆனால் சிலிண்டரின் உள்விட்டம் (போர்) 47 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம் (ஸ்ட்ரோக்) 38 மில்லிமீட்டர், கணக்குப் போட்டால் 66 சிசிதான் வரும். எங்கே ஓட்டுகிறாய் என்று முதலில் கேட்டேன், ஏனென்றால் பதிவு செய்யாத மோட்டார் வாகனத்தைப் பொதுச்சாலையில் ஓட்ட 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் இடம் தராது. அப்பாவின் செம்பனைத் தோட்டத்துக்குள்தான் என்றான். சரி, அப்படியென்றால் பார்க்கலாம் என்று இஞ்சினைப் பெஞ்சில் வைத்தேன்.

"அங்கிள், பின்னாடி போல்டு உள்ளேயே ஒடிஞ்சிருச்சு. ஒரு கடையில கொடுத்தேன், அவங்க எடுக்கப் போய் இன்னொன்னும் உள்ளே ஒடிஞ்சிருச்சு."

இஞ்சினை சைக்கிள் ஃபிரேமோடு பிடித்து வைப்பது ஸ்டட் என்கிற தலையில்லாத போல்டு, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. இவன் இஞ்சினில் எல்லாம் ஆறு மில்லிமீட்டர். ஒரு முனை இஞ்சினின் அலுமினிய உடம்புக்குள் மரையில் ஏறியிருக்கும், மறுமுனையில் கிளாம்ப் போட்டு நட்டு முடுக்க வேண்டும். பின்னால் இடது பக்க ஸ்டட் உடம்போடு ஒட்ட ஒடிந்திருந்தது. அந்தக் கடைக்காரர் அதில் டிரில் போட்டிருக்கிறார், நடுவில் போடாமல் ஓரமாக, கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் தள்ளி. அப்புறம் அந்த ஓட்டைக்குள் ஈசி அவுட் என்கிற இடதுமரை உளியை விட்டுத் திருகியிருக்கிறார், அதுவும் ஒடிந்து உள்ளேயே உட்கார்ந்துவிட்டது. அவரைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை, அவசரம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் ஈசி அவுட் என்பது கடினப்படுத்திய எஃகு. அது ஒடிந்துவிட்டால் சாதாரண டிரில் அதன் மேல் வழுக்கி, பக்கத்தில் இருக்கிற மெத்தென்ற அலுமினியத்தைத்தான் தின்னும்.

நல்ல வேளை, ஒடிந்த ஸ்டட்டின் வெளித்துண்டைப் பையன் தூக்கிப் போடாமல் ஒரு நெருப்புப் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தான். அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். முகத்தில் முக்கால்வாசி வழவழப்பாக, பழுப்பேறி, அலை வந்து போன மணலில் இருக்கிற மாதிரி வளைவு வளைவாகக் கோடுகள். மீதி ஒரு ஓரத்தில் பிறை மாதிரி, உடைத்த கற்கண்டு போலச் சொரசொரவென்று பளபளப்பு. பழுப்பாக இருந்த பகுதி பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டு, காற்றும் ஈரமும் புகுந்து துருப்பிடித்தது. பளபளப்பான பிறைதான் கடைசி நாளில் பட்டென்று ஒடிந்த இடம். ஒரே முறுக்கில் ஒடிந்த போல்டுக்கு இந்தக் கோடுகள் இருக்காது. ஆகவே இது நட்டு தளர்ந்து, இஞ்சின் ஆடி ஆடி, ஸ்டட் இப்படியும் அப்படியும் வளைந்து களைத்து ஒடிந்தது.

ஒற்றை சிலிண்டர், அதிர்வைச் சமன் செய்யத் தனி ஏற்பாடு எதுவும் இல்லாத இஞ்சின், நிமிஷத்துக்கு 5000 சுற்று என்றால் நொடிக்கு எண்பத்துமூன்று தடவை உதறுகிறது. நட்டு இறுக்கமாக இருக்கும்வரை அந்த உதறல் கிளாம்ப் வழியாக ஃபிரேமுக்குப் போய்விடும். தளர்ந்த நிமிஷத்திலிருந்து ஸ்டட்தான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். ஏன் தளர்ந்தது என்று கேட்டேன். கிளாம்புக்குள் பழைய டியூப் ரப்பரை வெட்டி வைத்திருக்கிறான், அதிர்வு குறையும் என்று யாரோ சொன்னார்களாம். நிறைய பேர் செய்கிறார்கள், நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் ரப்பர் நசுங்கிக்கொண்டே போகும், நசுங்க நசுங்க நட்டு தளரும். அங்கே இரும்பு இரும்பைப் பிடிக்க வேண்டும், இந்த விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் பேச மாட்டேன்.

இப்போது, அந்தக் கடைக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்திருந்தால் எப்படிச் செய்திருப்பேன் என்று சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று ஒடியலாம். முதலில் பெட்ரோல் டேங்க், கார்புரேட்டர் இரண்டையும் கழற்றி வேறு இடத்தில் வைத்துவிட வேண்டும். ஒடிந்த இடத்தில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி சும்மா விட வேண்டும். கடலோரம் இருக்கிற நம் ஊரில் உப்புக்காற்றுக்கு எஃகும் அலுமினியமும் சேர்கிற இடத்தில் வெள்ளைப் பொடி பூத்து மரையைக் கவ்விக்கொள்ளும், எண்ணெய் அதற்குள் இறங்க நேரம் வேண்டும். மறுநாள் சூடு. ஹீட் கன்னால் ஸ்டட்டை அல்ல, சுற்றியிருக்கிற அலுமினியத்தைச் சூடாக்க வேண்டும். ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், ஓட்டை பிடியைத் தளர்த்தும். ஸ்டட் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் போட்டு, ஆறியதும் ஸ்பேனரால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். அந்த வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஒட்ட ஒடிந்திருந்தால் டிரில்தான். இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். ஒடிந்த முகம் மேடு பள்ளமாக இருக்கும், அதில் டிரில்லை வைத்தால் பள்ளத்துப் பக்கம்தான் ஓடும், அந்தக் கடையில் நடந்ததும் அதுவாகத்தான் இருக்கும். முதலில் முகத்தைத் தட்டையாக்கி, பூதக்கண்ணாடி வைத்து, சென்டர் பஞ்சால் நடுவில் லேசாக ஒரு புள்ளி குத்த வேண்டும். தள்ளி விழுந்தால் பஞ்சைச் சாய்த்துக் குத்திப் புள்ளியை நடுவுக்கு நகர்த்தலாம். இதற்கு மட்டும் நான் கால் மணி நேரம் செலவழிப்பேன். ஒடிந்த முகம் துளைக்குள் இறங்கியிருந்தால் இன்னும் வசதி: 4.8 மில்லிமீட்டர் வெளிவிட்டத்தில் ஒரு சின்னக் குழாயைக் கடைந்து, நடுவில் 2.5 ஓட்டை போட்டு, துளைக்குள் செருகிவிட்டால் டிரில் தானாக நடுவில் இறங்கும். இடதுபக்கம் சுற்றுகிற டிரில் பிட் கிடைத்தால் அதையே வாங்குங்கள், துளை போடும்போதே சில சமயம் ஸ்டட் கழன்று மேலே ஏறி வந்துவிடும். ஆழத்துக்கு பிட்டில் டேப் ஒட்டி அடையாளம், கண்ணுக்குக் கண்ணாடி, இதெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இவன் இஞ்சினில் அந்தக் கட்டமெல்லாம் தாண்டிவிட்டது. தீப்பொறியால் அரித்து எடுக்கிற ஸ்பார்க் எரோஷன் மெஷின் இருக்கிற பட்டறைக்கு அனுப்பலாம். 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரம் வந்ததிலிருந்து பினாங்கில் டை, மோல்டு செய்கிற பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு ஸ்டட்டுக்கு அவர்கள் கேட்கிற கூலியைப் பார்த்தால் பையன் புது இஞ்சினே வாங்கிவிடுவான். சரி, படிகாரத்தைப் போட்டுப் பார்ப்போம் என்றேன். பையன் என்னையே பார்த்தான்.

படிகாரம்தான். சவரம் செய்தால் தடவுகிறோம், திருஷ்டிக்கு வாசலில் கட்டுகிறோம், மலாய்க்காரர்கள் தாவாஸ் என்பார்கள். கடிகாரம் பழுது பார்க்கிறவர்களுக்கு இது பழைய வித்தை: பித்தளைக்குள் எஃகு ஸ்குரு ஒடிந்தால் படிகாரத் தண்ணீரில் போட்டுவிடுவார்கள், எஃகு கரைந்துபோகும், பித்தளை அப்படியே இருக்கும். அலுமினியத்துக்குள் மரை வெட்டுகிற டேப் ஒடிந்தாலும் இதே வழி, டூல் ரூமில் என் மூத்தவர் ஒருவர் காட்டிக் கொடுத்தது. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடையில் ஒரு கிலோ வாங்கினேன். கடைக்கார அக்கா எதற்கு இவ்வளவு என்று கேட்டார், இஞ்சினுக்கு என்றேன், அவரும் வியாபாரத்தை விட்டுவிட்டுக் கதை கேட்டார்.

இஞ்சினை முழுசாகப் பிரித்துவிட வேண்டும், இதில் குறுக்கு வழி கிடையாது. கிராங்க், பேரிங், சீல், மிச்சமிருந்த நல்ல ஸ்டட், எஃகு என்று பெயர் சொல்லக்கூடிய எதுவும் உள்ளே இருக்கக் கூடாது, படிகாரம் நல்லது கெட்டது பார்க்காமல் தின்னும். ஒடிந்த துண்டு இருந்த பாதி அலுமினிய உடம்பை மட்டும் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, சுடுதண்ணீரில் இனி கரையாது என்கிற அளவுக்குப் படிகாரத்தைக் கரைத்து ஊற்றி, தண்ணீர் வைத்த அண்டாவுக்குள் அந்தப் பாத்திரத்தை இறக்கி, வீட்டுக்கு வெளியே அடுப்பை மெல்ல எரியவிட்டேன். கரையும்போது வருவது ஹைட்ரஜன் வாயு, அதனால் சமையலறைக்குள் வேண்டாம். அரை மணி நேரத்தில் அந்தத் துளையிலிருந்து மட்டும் ஊசிமுனை அளவில் குமிழி குமிழியாகக் கிளம்ப ஆரம்பித்தது, ஒரே கோடாக, அப்பத்துக்கு மாவு பொங்குகிற மாதிரி. மற்ற இடமெல்லாம் அமைதி. பையன் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டான், நகரவே இல்லை.

மூன்று சாயங்காலம் ஆனது. நடுநடுவே கறுப்பாகச் சகதி சேரும், ஒரு குச்சியால் கிளறிவிட்டு, புதுத் தண்ணீர், புதுப் படிகாரம். மூன்றாம் நாள் ஒரு தட்டுத் தட்டினேன், ஈசி அவுட்டின் மிச்சம் அரித்துப்போன பென்சில் முனை மாதிரி உள்ளங்கையில் விழுந்தது. அலுமினியம் கொஞ்சம் சாம்பல் பூத்து மங்கியதைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. சோப்புத் தண்ணீரில் நன்றாக அலசிக் காயவைத்தோம்.

ஓரமாகப் போட்ட டிரில் ஒரு பக்கம் மரையைத் தின்றிருந்ததால் பழைய மரை உதவாது. துளையை நடுவுக்கு இழுத்து 6.3 மில்லிமீட்டர் போட்டு, ஹெலிகாயில் என்கிற எஃகுச் சுருளை ஏற்றினேன், அதற்குள் மறுபடி அதே ஆறு மில்லிமீட்டர் மரை கிடைத்துவிடும். நாலு ஸ்டட்டும் புதிது, 8.8 தரம். முதல் எட்டு என்றால் இழுவை வலிமை 800 மெகாபாஸ்கல், புள்ளிக்குப் பிறகு எட்டு என்றால் அந்த வலிமையில் எண்பது சதவீதம் வரை இழுத்தாலும் விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். கிட்டோடு வந்த ஸ்டட்டில் எந்தக் குறியும் இல்லை. துருப்பிடிக்காதே என்று பையன் ஸ்டெயின்லெஸ் கேட்டான், கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற ஸ்டெயின்லெஸ் 8.8ஐ விடச் சீக்கிரம் நீண்டுவிடும், வேண்டாம் என்றேன். உள்ளே போகிற மரைக்கு, அது தளராமல் பிடிக்கிற நடுத்தர நீலப் பசை, வெளியே நைலான் வைத்த நட்டு, ரப்பர் இல்லாமல் கிளாம்ப் நேராகக் குழாயில். இறுக்கம் பத்து நியூட்டன் மீட்டருக்குள். இறுக்கத்தை அளந்து முடுக்குகிற டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் குட்டைப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்து முடுக்கினால் போதும், முழங்கையைப் போட்டு முடுக்கினால் புது ஸ்டட்டும் நீண்டுபோகும். செயின் கோணலாக ஓடுகிறதா என்றும் பார்த்தோம், பின் ஸ்ப்ராக்கெட் இரண்டு மில்லிமீட்டர் ஆடியது, அதை நேராக்காமல் இஞ்சினை ஏற்ற நான் விடவில்லை.

கடைசியாக அவன் அக்காவிடம் சிவப்பு நகப்பூச்சு வாங்கிவரச் சொன்னேன். ஒவ்வொரு நட்டிலிருந்தும் கிளாம்ப் வரை ஒரே கோடாக இழுத்துவிட்டோம். நட்டு அசைந்தால் கோடு விலகும், ஸ்பேனரே வேண்டாம், குனிந்து பார்த்தால் போதும். போன ஞாயிற்றுக்கிழமை போட்டோ அனுப்பியிருந்தான். மூன்று கோடும் நேராக இருக்கிறது, முன்பக்கம் வலது நட்டில் மட்டும் ஒரு மயிரிழை விலகல். உடனே இறுக்கிவிட்டுப் புதுக் கோடு போடச் சொல்லியிருக்கிறேன்.