சகாலின்: பெருநிலத்தை ஒட்டிக் கிடக்கும் பெருந்தீவு

[வரைபடம்: ரஷ்யாவின் தூரக் கிழக்குக் கரை]

ரஷ்யாவின் கிழக்குக் கரையோரமாக, வடக்குத் தெற்காக ஏறத்தாழ 950 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது சகாலின் தீவு. 72,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பளவு கொண்ட இது இலங்கையை விடப் பெரியது. ஆனால் இடுப்பு ஒடுங்கிய சில பகுதிகளில் இதன் அகலம் 30 கிலோமீட்டரைக்கூடத் தொடுவதில்லை. கிழக்கே ஓகோட்ஸ்க் கடல் விரிந்திருக்க, தெற்கே 43 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் ஜப்பானின் ஹொக்கைடோ தீவு இருக்கிறது. மேற்கே உள்ள தாத்தார் நீரிணையோ, மிகக் குறுகிய இடத்தில் சுமார் 7 கிலோமீட்டர் அகலமே உடையது. குளிர்காலத்தில் அந்த நீரும் உறைந்துவிடும். தீவின் பூர்வகுடிகளான நிவ்க் மக்கள் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிகளில் அதைக் கடந்து சென்றார்கள். போர்களையும் ஒப்பந்தங்களையும் பார்க்கும் முன் இந்தச் சிறு நீர்ப்பரப்பைப் பார்த்துவிட வேண்டும். சகாலினின் கதைக்கு அதுவே திறவுகோல் என்று நான் கருதுகிறேன்.

[வரைபடம்: அமூர் ஆற்றின் கழிமுகம்]

நீரிணையின் வடக்கு முனையில் அமூர் ஆறு கடலில் கலக்கிறது. அது கொண்டுவந்து கொட்டும் வண்டலால் அங்கே மணல்திட்டுகள் மிகுதி. 1787இல் தெற்கிலிருந்து வந்த பிரெஞ்சு மாலுமி லா பெரூஸ், போகப்போக ஆழம் குறைந்துகொண்டே வந்ததைக் கண்டு திரும்பிவிட்டார். 1805இல் வடக்கிலிருந்து ஆராய்ந்த ரஷ்யரான குருசென்ஷ்டெர்னும் இது தீவன்று, தீபகற்பமே என்று முடிவு கட்டினார். இத்தனைக்கும் அந்தக் கரைகளில் வாழ்ந்தவர்களுக்கு உண்மை எப்போதுமே தெரிந்திருந்தது. 1809இல் ஜப்பானிய ஆய்வாளர் மாமியா ரின்சோ அவர்களோடு படகேறி, நீரிணையைக் கடந்து அமூர் வரை சென்றார். 1849இல் நெவெல்ஸ்கோய் என்ற ரஷ்யக் கடற்படை அதிகாரி, கப்பல்கள் செல்லத்தக்க வழியைக் கண்டறிந்தார். அந்த அறிவின் மதிப்பு சில ஆண்டுகளிலேயே வெளிப்பட்டது. பிரிட்டனும் பிரான்சும் ரஷ்யாவை எதிர்த்த கிரிமியப் போரின்போது, 1855இல், நீரிணையின் பெருநிலக் கரையிலுள்ள டி-காஸ்திரி விரிகுடாவில் ரஷ்யக் கப்பல்களைக் கண்ட பிரிட்டிஷ் படையினர், வடக்கே வழி அடைபட்டிருப்பதாக நம்பித் தெற்கே காத்திருந்தனர். ரஷ்யர்களோ வடக்கு வழியாக அமூருக்குள் நழுவிவிட்டனர்.

அதே ஆண்டில் கையெழுத்தான ஷிமோடா ஒப்பந்தம் சகாலினை ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே எல்லை வகுக்காமல் விட்டுவைத்தது. 1875இல் சகாலினுக்குக் கிழக்கேயுள்ள குரில் தீவுகளை ஜப்பான் பெற்றுக்கொள்ள, சகாலின் முழுவதும் ரஷ்யாவின் வசமானது. ரஷ்யா அதைக் கைதிகளின் தீவாக்கியது. 1890இல் இங்கு வந்த எழுத்தாளர் ஆண்டன் செகாவ், ஏறத்தாழ மூன்று மாதங்கள் குடியிருப்பு குடியிருப்பாகச் சென்று, பெயர், வயது, பிறந்த இடம், தீவுக்கு வந்த ஆண்டு, எழுத்தறிவு, நோய் முதலான விவரங்களை அச்சிட்ட அட்டைகளில் தம் கைப்படக் குறித்தார். சுமார் பத்தாயிரம் பேரின் விவரங்கள் அவ்வாறு பதிவாயின. அவர் ஒரு மருத்துவரும் ஆவார். எண்களாக மட்டுமே கருதப்பட்ட கைதிகளை ஒவ்வொருவராகக் கேட்டறிந்த அந்த உழைப்பு வணக்கத்துக்குரியது.

[காட்சி: எல்லைக் கல்]

ரஷ்ய-ஜப்பானியப் போருக்குப் பின், 1905இல், வடக்கு 50 பாகை அகலக்கோட்டில் தீவு இரண்டாக வெட்டப்பட்டது. காட்டை வெட்டித் திறந்த அந்த எல்லைக்கோட்டில் நாட்டப்பட்ட கற்களின் தென்முகத்தில் ஜப்பானின் சாமந்திப் பூவும், வடமுகத்தில் ரஷ்யாவின் இருதலைக் கழுகும் செதுக்கப்பட்டன. கராஃபுட்டோ எனப்பட்ட தென்பாதியின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் கொரியர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுவரப்பட்டனர். போர்க்காலத்தில் பலர் கட்டாயத்தின் பேரில். 1945இல் சோவியத் படை தென்பாதியையும் கைப்பற்றிய பின் ஜப்பானியர்களில் பெரும்பாலோர் நாடு திரும்பினர். கொரியர்களுக்கோ அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. தீவின் தென்முனையிலுள்ள கோர்சகோவ் துறைமுகத்தில் கப்பல் வரும் என்று காத்திருந்தவர்களில் பலர் அங்கேயே முதுமையடைந்து இறந்தனர். தீவின் வரலாற்றில் மிகக் கொடிய அநீதிகளுள் இது ஒன்று.

ஸ்டாலின் காலத்தில், 1950இல், நீரிணைக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டத் தொடங்கி, 1953இல் அவர் இறந்ததும் கைவிட்டனர். 1973 முதல் பெருநிலத்தின் வானினோ துறைமுகத்திலிருந்து தீவின் கோல்ம்ஸ்க் துறைமுகம் வரை ரயில் பெட்டிகளையே ஏற்றிச் செல்லும் கப்பல்கள் ஓடுகின்றன. ஆனால் தெற்கில் ஜப்பானியர் அமைத்த தண்டவாளங்களின் அகலம் 1,067 மில்லிமீட்டர், ரஷ்யப் பெருநிலத்தில் 1,520 மில்லிமீட்டர். ஆகவே கோல்ம்ஸ்கில் ஒவ்வொரு பெட்டியையும் தூக்கி, அடியிலுள்ள சக்கரத் தொகுதிகளை மாற்றிய பிறகே தீவுக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. தீவின் தண்டவாளங்களை ரஷ்ய அளவுக்கு மாற்றும் பணி 2019இல்தான் நிறைவடைந்தது.