வரி என்று ஒரு பயம்

வணக்கம் நேயர்களே. பருவநிலை மாற்றம் பற்றி அரசியல்வாதிகள் பேசுவதை எப்படிக் காது கொடுத்துக் கேட்பது? இதற்கு ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பேச்சை வைத்தே ஆட்சியைப் பிடித்தவர்களும் இழந்தவர்களும் அங்கே உண்டு.

2007-இல் கெவின் ரட் பருவநிலை மாற்றத்தை நம் தலைமுறையின் மாபெரும் தார்மீகச் சவால் என்றார். அந்த ஆண்டே பிரதமரும் ஆனார். 2010 ஏப்ரலில், கரியமில வாயு வெளியேற்றத்தைக் குறைக்கும் தன் திட்டத்தை அவரே தள்ளிப்போட்டார். மக்கள் நம்பிக்கை சரிந்தது. அப்புறம் வந்த ஜூலியா கில்லார்ட், 2012 ஜூலை முதல் பெரிய நிறுவனங்கள் வெளியிடும் கரியமில வாயுவுக்கு டன்னுக்கு 23 டாலர் விலை வைத்தார். வசூலில் பாதிக்கு மேல் குடும்பங்களுக்கே நிவாரணமாகவும் வரிச்சலுகையாகவும் போகும் என்பது ஏற்பாடு.

எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபாட் இதை "வரி" என்றே ஊர் ஊராகச் சொன்னார். வையல்லா என்ற எஃகு நகரமே வரைபடத்திலிருந்து அழிந்துபோகும் என்றார். அவரது கூட்டணியைச் சேர்ந்த பார்னபி ஜாய்ஸ், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி 100 டாலர் ஆகிவிடும் என்றார். கறி அந்த விலைக்குப் போகவில்லை, வையல்லாவும் அழியவில்லை. ஆனால் அபாட் 2013-இல் வென்று, 2014 ஜூலையில் அந்தச் சட்டத்தை நீக்கினார். பின்னாளில், 2017-இல், அபாட்டின் அலுவலகத் தலைமைப் பொறுப்பில் இருந்த பெட்டா கிரெட்லின் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார்: அது வரியே அல்ல, நாங்கள்தான் அதை வரியாக்கி, சுற்றுச்சூழல் சண்டையை மக்களின் பணப்பைச் சண்டையாக மாற்றினோம் என்று. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். விலைவாசியால் திணறும் குடும்பத்தின் பயத்தைத் தெரிந்தே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இந்தப் பேச்சில் நடவடிக்கை எடுத்தால் ஆகும் செலவுக்கு மட்டும் ஒரு தொகை இருக்கும். எடுக்காவிட்டால் வரும் வறட்சிக்கும் தீக்கும் எவ்வளவு ஆகும் என்று அதே மேடையில் யாரும் சொல்லமாட்டார்கள்.

இன்னொரு வாதம், "நம் பங்கு சின்னது." 2019 நவம்பரில் காடுகள் எரிந்துகொண்டிருந்தபோது பிரதமர் ஸ்காட் மாரிசன், புவியைச் சூடாக்கும் வாயுக்களின் உலக வெளியேற்றத்தில் ஆஸ்திரேலியாவின் பங்கு 1.3 சதவீதம்தான், அதைக் குறிப்பிட்ட தீ விபத்துகளோடு நேரடியாக முடிச்சுப்போட முடியாது என்றார். எண்ணில் தவறில்லை. ஆனால் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்த நிலக்கரியின் புகை அதில் சேராது. தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் உலகிலேயே மிக அதிகமாக வெளியேற்றும் நாடுகளில் ஆஸ்திரேலியாவும் ஒன்று. ஆகவே இனி யாராவது ஒரு சதவீதத்தைச் சொன்னால், எதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள்.